கடைக்குள் போட்டோ எடுக்கும்போது சந்தேகப்பட்டால்: மிஸ்டரி ஷாப்பிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் இருப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில். ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறுபக்கம் சித்தூர், பாலக்காடு. நிறுவனங்கள் தங்கள் கிளைகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க, ஏஜென்சி மூலமாகச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஆட்களை அனுப்புவார்கள். அந்த மிஸ்டரி ஷாப்பிங் வேலையைத்தான் நான் சில வருடங்களாகச் செய்கிறேன். துணிக்கடை, ஹோட்டல், பெட்ரோல் பங்க், செல்போன் ஷோரூம் என்று எல்லாம் வரும். போய்ப் பார்ப்பதும் பேசுவதும் ஒரு வாரத்தில் பழகிவிடும். புதிதாக வருகிறவர்களைத் திணற வைப்பது போட்டோ எடுக்கிற வேலைதான். கடையின் முகப்பு, உள்ளே அடுக்கியிருக்கும் விதம், பில், சில சமயம் கழிப்பறை என்று ஏழெட்டுப் படம் கேட்பார்கள். அதை எடுக்கும்போது ஒருவர் நிமிர்ந்து நம்மைப் பார்த்துவிட்டால் கை நடுங்கும். அந்த நடுக்கம்தான் நம்மைக் காட்டிக் கொடுக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் நம்மை 'மிஸ்டரி ஷாப்பர்' என்று நினைத்து முறைப்பதில்லை. அநேகமாக அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் பயப்படுவது வேறு யாருக்கோ. யாருக்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்கள் எல்லைப் பகுதியில் அதற்குக் காரணங்கள் நிறைய. ஜிஎஸ்டி அதிகாரிகள் வாடிக்கையாளர் போல வந்து பொருள் வாங்கி, பில் போடுகிறார்களா என்று சோதிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. அதனால் பில்லைக் கையில் வாங்கியதுமே போட்டோ எடுக்கிற ஆளைக் கண்டால் கல்லாவில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஹோட்டல்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்துபோனார். அதற்குப் பிறகு கேரளம் முழுக்கச் சோதனைகள் கூடின. 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கே தடை வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் உணவு உரிமச் சான்றிதழை நோக்கி நீங்கள் போனைத் தூக்கினால் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். சாப்பிட வந்தவர் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம், முகம் படத்தில் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற வாடிக்கையாளர்கள். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரிக்குத் தடை. கேரளத்தில் அரசே நடத்துகிறது. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கம் எல்லையைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருக்கும். சீட்டு வாங்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம். சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைகளும் அப்படித்தான். வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர்கள் இருப்பார்கள். நீங்கள் பக்கத்துச் செருப்புக் கடையின் போர்டைத்தான் எடுப்பீர்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒருவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கடைக்காரரைவிட அவர்தான் முதலில் சண்டைக்கு வருவார். முகப்புப் படம் எடுக்கும் முன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். வாளையாறு போன்ற இடங்களில் செக்போஸ்ட் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போனை நீட்டுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள்.

கிளம்பும் முன்

ஏஜென்சி அனுப்பும் குறிப்பை முதல் நாள் இரவே இரண்டு தடவை படியுங்கள். எந்தப் படம் கட்டாயம், எது முடிந்தால் மட்டும் என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நின்று போனில் செக்லிஸ்ட்டை உருட்டி உருட்டிப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? நான் உள்ளங்கை அளவு காகிதத்தில் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி எழுதி எடுத்துப் போவேன். 'போர்டு, ஷெல்ஃப், பில்' என்று மூன்றே வார்த்தை. யார் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கேமரா சத்தத்தையும் அணைத்துவிட்டு, நிஜமாகவே அணைந்ததா என்று வீட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சைலன்ட்டில் போட்டும் க்ளிக் சத்தம் வரும் போன்கள் உண்டு. இடமும் நேரமும் படத்தில் பதிய வேண்டும் என்று கேட்டிருந்தால் ஜிபிஎஸ் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எல்லையில் டவர் மாறிக்கொண்டே இருக்கும். கடைக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போனால் இடம் சரியாகப் பதியும். வண்டியில் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். கேஎல் 70, டிஎன் 41 என்று இரண்டு மாநில நம்பர் வண்டிகளும் இங்கே சகஜம்தான். ஆனால் வாசலிலேயே நிறுத்தி, வண்டியில் உட்கார்ந்தபடியே குறிப்பு எழுதினால் காவலாளி நம்பரைக் கவனித்துக்கொள்வார்.

ஏஜென்சி விஷயத்தில் ஒன்று. சேருவதற்குப் பணம் கேட்டாலோ, 'முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு இரட்டிப்பாக வரும்' என்று டெலிகிராமில் சொன்னாலோ அது மோசடி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

முதலில் வாடிக்கையாளர், அப்புறம் போட்டோ

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, உள்ளே நுழைந்ததும் போனைக் கையில் எடுப்பது. பயத்தில், சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போன புதிதில் பாலக்காட்டில் ஒரு துணிக்கடை. ஓணத்துக்கு முந்திய வாரம், கேரளப் பெண்கள் உடுத்தும் செட்டுமுண்டுப் பிரிவில் நல்ல கூட்டம். நான் எதையும் கையில் தொடவில்லை. நேராக நின்று ஷெல்ஃபை மூன்று படம் எடுத்தேன். சூப்பர்வைசர் வந்து, "எந்தா சேச்சி, போட்டோ எடுக்குந்நே?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பதறிப்போய் காலேஜ் புராஜெக்ட் என்று சொல்லிவிட்டேன். எந்தக் காலேஜ் என்று கேட்டார். சொன்னேன். எந்த டிபார்ட்மென்ட் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தானும் அங்கேதான் படித்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். அந்த விசிட்டுக்குப் பணமும் வரவில்லை.

இப்போது அதே மாதிரிக் கடையில் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். உள்ளே போனதும் பத்து நிமிடத்துக்குப் போன் பைக்குள்தான் இருக்கும். ஒரு சேலையை எடுத்துப் போடச் சொல்வேன். விலை கேட்பேன். கசவு என்கிற ஜரிகை ஓரத்தை விரலால் நெருடிப் பார்ப்பேன், இன்னும் மெல்லிய கரை இருக்கிறதா என்பேன். இரண்டு மூன்று சேலை மேசைமேல் விரிந்த பிறகுதான் போன் வெளியே வரும். 'தங்கச்சிக்கு அனுப்பிக் கேட்கிறேன்' என்று சொல்லிவிட்டு, சேலையும் அதற்குப் பின்னால் ஷெல்ஃபும் விழுகிற மாதிரி எடுப்பேன். அந்தச் சேலைப் படத்தை நிஜமாகவே தங்கைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பவும் செய்வேன். அவளும் 'பச்சை நல்லாருக்கு' என்று பதில் போடுவாள். யாராவது கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்டவருக்குப் போனைக் காட்டினாலும் அங்கே இருப்பது ஒரு சேலையும் தங்கையின் பதிலும்தான்.

ஹோட்டலில் இது இன்னும் சுலபம். சாப்பாடு மேசைக்கு வந்ததும் படம் எடுக்காத ஆளே இப்போது இல்லை. உட்காரும் இடத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். தட்டுக்குப் பின்னால் கல்லாவோ கைகழுவும் இடமோ தெரிகிற மேசையாக இருந்தால் ஒரு படத்தில் இரண்டு வேலை முடிந்துவிடும். உரிமம் மாட்டியிருக்கிறதா என்று கேட்டிருந்தால் அதைக் கண்ணால் பார்த்து எழுதினால் போதுமா என்று ஏஜென்சியிடம் முன்கூட்டியே கேளுங்கள். 2022 முதல் ஹோட்டல் பில்லிலேயே 14 இலக்க உரிம எண் அச்சிட வேண்டும் என்பது விதி. பில் படமே போதும் என்று சொல்லிவிட்டால் சுவரை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பில்லையும் கல்லாமுன் நின்று எடுக்காதீர்கள். பைக்குள் மடித்து வைத்து, வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து நிதானமாக எடுங்கள்.

ஊழியர்களின் முகத்தை எடுக்கக் கூடாது. பெயர் அட்டையைக் கிட்டப் போய் எடுப்பதும் வேண்டாம். பெயரைப் படித்து மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து எழுதினால் போதும். மாதச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். எதற்கென்றே தெரியாமல் ஒருவர் தன் முகத்தைப் படம் எடுத்துப் போனால் அன்று இரவு அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வருமா?

கழிப்பறைப் படம்

மற்ற எதற்கும் இல்லாத கவனம் இதற்கு வேண்டும். சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கப் படம் கேட்பார்கள். அங்கே போனைக் கையில் வைத்திருக்கும் ஆளைப் பார்த்தால் ரகசியக் கேமரா என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றுவது நியாயமும்கூட. பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் வரும் குற்றம். நாம் குழாயைத்தான் எடுத்தோம் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உள்ளே ஒருவர்கூட இல்லை, எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகே போனை எடுங்கள். கைகழுவும் தொட்டி, தரை, சோப்பு இருக்கும் இடம். இரண்டு படம், பத்து நொடி, உடனே பைக்குள். கண்ணாடியில் யார் பிம்பமும் விழக் கூடாது. ஒருமுறை நான் எடுக்கப் போகும் நேரத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். போனை அப்படியே பைக்குள் போட்டுவிட்டேன். அதன் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படம் எடுக்காமல் திரும்பி, காரணத்தை ரிப்போர்ட்டில் எழுதினேன். ஏஜென்சி ஏற்றுக்கொண்டது. ஏற்காமல் போயிருந்தாலும் அன்று நான் எடுத்திருக்க மாட்டேன். துணிக்கடை டிரையல் ரூம் பக்கமும் இதே மாதிரிதான். அங்கே போன் வெளியே வரவே கூடாது.

பெட்ரோல் பங்க்

தமிழ்நாட்டை விடக் கேரளத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் என்பதால் எல்லையில் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள பங்க்குகளில் எப்போதும் கூட்டம். அங்கே பம்புக்குப் பக்கத்தில் போன் வேண்டாம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். பணம் கட்ட எல்லோரும் ஸ்கேன் செய்கிறார்களே என்று நீங்களும் போனைத் தூக்காதீர்கள். அது பாதுகாப்பு விஷயம். ஊழியர் சத்தம் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம். மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியதா, இலவசக் காற்று பிடிக்கிறார்களா என்பதைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். முகப்புப் படத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எடுங்கள்.

"எதுக்குங்க போட்டோ?"

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கேட்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் "ஏனுங்க்கா, எதுக்குப் போட்டோ எடுக்கறீங்க?" என்று மரியாதையாகவே வரும். போனைச் சட்டென்று மறைக்காதீர்கள். முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, சின்னதாக, நிஜமாக இருக்கிற ஒரு பதிலைச் சொல்லுங்கள். "வீட்டுல காட்டிக் கேக்கணும்ங்க." பாலக்காடு என்றால், "வீட்டில் காணிக்கானா சேட்டா." அதோடு நிறுத்திவிடுங்கள். பயந்தவர்கள்தான் கேட்காத விளக்கமெல்லாம் கொடுப்பார்கள். பதில் சொன்ன கையோடு, "இதுலயே வேற கலர் இருக்குங்களா?" என்று நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் மனது வியாபாரத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான சமயம் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இங்கே பாஷையும் ஒரு விஷயம். எங்கள் ஊரில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவோம். உங்களுக்கு மலையாளம் தடுமாறினால் வலிந்து பேச வேண்டாம். இந்தப் பக்கத்துக் கடைகளில் தமிழ் நன்றாகப் புரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவது அவர்கள் தினமும் பார்க்கிற காட்சிதான். தெரியாத பாஷையில் திக்கினால் அது திருட்டு முழி மாதிரி தெரியும்.

மூன்று விஷயங்களைச் சொல்லவே கூடாது. அதிகாரி என்றோ, அரசாங்கத்திலிருந்து வருவதாகவோ குறிப்பால்கூடக் காட்டக் கூடாது. அரசு ஊழியர் போல நடிப்பது அதே நியாய சன்ஹிதாவின் 204-ஆவது பிரிவில் குற்றம். பத்திரிகைக்காரர் என்றும் சொல்லக் கூடாது. அதே மாதிரி, அவராகவே 'ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்களா?' என்று கேட்டாலும் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்போம். "நான் துணி எடுக்க வந்தேங்க" என்பது உண்மைதானே. அதைச் சொல்லுங்கள்.

பேச்சு முற்றினால்

'எடுக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டால் எடுக்கக் கூடாது. அவருடைய கடை, மறுக்கிற உரிமை அவருக்கு உண்டு. "சரிங்க, தெரியாம எடுத்துட்டேன்" என்று போனை உள்ளே வையுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். அழித்த படம் போனின் குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் இருக்கும். வெளியே வந்து மீட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் மீட்பதில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து அழித்துவிட்டேன் என்று சொன்ன பிறகு அந்தப் படத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 'ஊழியர் கேட்டுக்கொண்டதால் அழித்தேன்' என்று எழுதிவிடுவேன்.

போனை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். திரையைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. பிடுங்கவோ, வாசலை மறித்து உட்கார வைக்கவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. ஒருவரைப் போக விடாமல் தடுப்பதும் அடைத்து வைப்பதும் அதே சட்டத்தின் 126, 127-ஆவது பிரிவுகளில் வருகிற குற்றங்கள். ஆனால் அங்கே நின்று சட்டம் பேசினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் நியாயம் கேட்க ஆள் இருக்காது. குரலைத் தாழ்த்தி, "போலீஸைக் கூப்பிடுவோமுங்க, அவங்க முன்னாடி பேசிக்கலாம்" என்று சொல்லி 112-ஐ அழையுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். அடுத்த அழைப்பு ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளருக்கு. அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி வைத்திருங்கள். சில வேலைகளுக்கு ஏஜென்சி அனுமதிக் கடிதம் கொடுக்கும். அதை எப்போது காட்டலாம் என்று குறிப்பில் எழுதியிருப்பார்கள். இப்படி மாட்டிக்கொண்டு தப்பிக்க வழியில்லை என்றால் தயங்காமல் காட்டுங்கள். அந்த விசிட் கெட்டுப் போகும். போகட்டும், கிடைக்கப் போவது சில நூறு ரூபாய்தான்.

பெண்கள் இருட்டிய பிறகு உள்ளடங்கிய ஊர்களில் இந்த வேலையை ஏற்காதீர்கள். நான் கடைசி பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடிகிற விசிட்டை மட்டும்தான் எடுப்பேன். எந்தக் கடை, எத்தனை மணிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

ரிப்போர்ட்

அன்று இரவே எழுதிவிடுங்கள். யார் கேட்டார், எந்த நேரம், என்ன வார்த்தை, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எந்தப் படம் விட்டுப்போனது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சந்தேகப்பட்டவர்மேல் இருக்கும் கோபத்தில் 'மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்' என்று எழுத நினைப்பு வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைக்குள் தெரியாத ஒருவர் படமெடுத்தால் ஏன் என்று கேட்பது அவருடைய வேலை. நன்றாகச் செய்திருக்கிறார். உங்கள் ஒரு வரியில் அவருடைய சம்பள உயர்வு நின்றுபோகலாம். கத்தினாரா, கையைப் பிடித்தாரா, அப்போது அதை எழுதுங்கள். வெறுமனே கேட்டார் என்றால் 'பணிவாகக் கேட்டார்' என்று எழுதுங்கள்.

பணம் வந்து, ஏஜென்சியும் சரி என்று சொன்ன பிறகு போனிலிருந்தும் வாட்ஸ்ஆப்பிலிருந்தும் அந்தப் படங்களை அழித்துவிடுங்கள். உங்களைச் சந்தேகப்பட்ட கடைக்கு அடுத்த சில மாதம் போகாதீர்கள். அந்த ஓணத்துக்கு அடுத்த மாதமே அதே பாலக்காட்டுத் துணிக்கடை மறுபடி என் பெயருக்கு வந்தது. என் முகம் அங்கே தெரிந்துவிட்டது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லி, அதற்குப் பதில் மீனாட்சிபுரத்தில் ஒரு பேக்கரி விசிட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.